ஏழு பாகை

இரவு முழுக்க நுண்ணோக்கிக்குக் கீழே
ஈயப் பொட்டுகளைப் பார்க்கிற வேலை எனக்கு.
பாயான் லெப்பாஸ், மூன்றாவது மாடி, பன்னிரண்டாவது மேசை.
மயிரிழை விலகினாலும் சிவப்புத் தட்டு.
போன மாதம் நாலாயிரத்துச் சொச்சம் போட்டேன்.
ஒன்றுகூட என்னைத் திருப்பித் திட்டவில்லை.

ஏழு மணிக்குக் கையுறையைக் கழற்றி,
கப்சாயை உதைத்து,
தெலோக் கும்பார் மேட்டில் இரண்டாம் கியரில் முனகி ஏறி
மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால்
தீவு சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.
வயல். வாய்க்கால். ஒற்றைக் காலில் கொக்கு.
அப்புறம் அது.

நெற்கிடங்கு.
மண்ணைத் தொடாமல் ஆறு கல்லின் மேல் நிற்கிறது,
சேலை நனையாமல் தூக்கிப் பிடித்து
ஓடை கடக்கப் போனவள்
பாதியில் எதையோ நினைத்து நின்றுவிட்டதைப் போல.

சூரியன் மலையைத் தாண்டி இங்கே வர ஒன்பது ஆகும்.
அதுவரை ரொட்டி தின்றபடி காத்திருப்பேன்.
முதலில் கூரை முகடு. பிறகு மெதுவாகப் பலகை பலகையாக.
கடற்காற்று அடித்த பக்கம் சாம்பல்,
மறுபக்கம் இன்னும் கொஞ்சம் தேன்.
ஆணிகளிலிருந்து துரு இறங்கிய கோடுகள்,
வெற்றிலைக்காரி துடைக்க மறந்த கடைவாய்.
கூரைத் தகரத்தில் கறுத்தது உண்டு, வெளுத்தது உண்டு,
போன வருஷக் காற்றுக்குப் பிறகு அடித்த பளிச் நீலமும் உண்டு.
நீலத்தைத் தவிர்த்து எடுக்க முதல் வாரம்
வாய்க்காலுக்குள்ளேயே இறங்கினேன்.
நான்காவது வாரம் நீலத்துக்காகத்தான் வந்தேன்.

என் கேமராவுக்குள் ஒரு மட்டக்கோடு உண்டு,
நேராக இருந்தால் பச்சையாகும்.
கிடங்கின் சுவரோடு அதைப் பொருத்தினால்
வயல் சரிகிறது, தென்னைகள் தள்ளாடுகின்றன,
வாய்க்கால் படத்தைவிட்டு வழியப் பார்க்கிறது.
வயலோடு பொருத்தினால்
கிடங்கு விழப்போகிறது.
ஏழு பாகை. அளந்தே விட்டேன், தொழில் புத்தி.
என் மேசைக்கு வந்திருந்தால்
இரண்டாம் முறை பார்த்திருக்க மாட்டேன்.

"யாருடைய ஆள் நீ?"
பின்னாலிருந்து மக்சிக் சால்மியா, கையில் கோழித் தீவனம்.
"போன தடவை ஒருத்தன் படம் பிடித்தான்.
அவன் பின்னாலேயே அளவு நாடா வந்தது."
தொழிற்சாலை அட்டையைக் காட்டினேன்.
அட்டையையும் என் கண்ணையும் மாறி மாறிப் பார்த்து,
"தூங்காமல் இதையா பார்க்க வந்தாய்?" என்றாள்.
கிடங்கையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்,
நேற்றுவரை அங்கே இல்லாதது போல.

திறந்தும் காட்டினாள்.
நெல் இப்போது வயலிலிருந்து நேரே லாரியில் போய்விடுகிறதாம்.
உள்ளே கல்யாணத்துக்கு வாடகை விடும் நாற்காலிகள் இருநூறு,
டுரியான் வலை, கழுத்தொடிந்த காற்றாடி,
சாக்கின் மேல் முந்தாநாள் ஈன்ற பூனை.
பலகை இடுக்கு வழியாக வந்த வெளிச்சக் கம்பிகள்
நான் ஆசைப்பட்ட வெறும் இருட்டில் விழாமல்
இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்கில் விழுந்தன.
சரி, அதையும் எடுத்தேன்.

பிறகு அவள் கதவைச் சாத்தினாள்.
மேலே ஒரு தூக்கு, இடுப்பால் ஒரு இடி,
கடைசியில் கால்விரலால் ஒரு தட்டு.
அந்த இடியில் அவள் உடம்பு சாய்ந்தது,
சுவர் எவ்வளவோ அவ்வளவு.
"இன்னொரு முறை, மக்சிக்."
கேமரா பார்க்கிறது என்று தெரிந்து இடித்தாள்; கதவு சாத்தவில்லை.
மறுபடி. சாத்தவில்லை. பூனை வெளியே வந்து எங்களைப் பார்த்தது.
"இந்தக் கதவுக்கு வெட்கம்" என்று சிரித்து
கோழிகளை அதட்டத் திரும்பினவள்
அதட்டிக்கொண்டே, எதேச்சையாக, ஒரு இடி.
சாத்திவிட்டது.

முந்நூறு படத்தில் அது ஒன்றுதான்.
பலகையின் ஒவ்வொரு நரம்பும் துல்லியம்;
நடுவில் ஒரு பூப்போட்ட கலங்கல்.

அன்றிரவு பன்னிரண்டாவது மேசைக்கு
மயிரிழை விலகிய பொட்டு ஒன்று வந்தது.
சிவப்புத் தட்டில்தான் போட்டேன்.
போடுவதற்கு முன்
கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.
கழுத்துப் பிடித்துக்கொண்டதா என்று கேட்டாள்
பக்கத்து மேசை இங் ஹூய்.
ஆமாம் என்றேன்.