இருபதடி தள்ளி

கொம்தார் இரண்டாம் மாடியில்
கைப்பேசி உறை விற்கும் கடைக்கும்
மூடிக் கிடக்கும் துணிக்கடைக்கும் நடுவே
எட்டடிக்குப் பத்தடி என் பிழைப்பு.
பேனர், பெயரட்டை, ஐசி படம்,
ஆறு வெள்ளிக்கு அவசர லேமினேட்.

வெள்ளிக்கிழமை, மழை விடாத சாயங்காலம்.
கோகிலவாணி அக்கா கைப்பேசியை நீட்டினார்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை விருந்தில்
பதினோரு பெண்கள் நின்ற படத்திலிருந்து
கத்தரித்தெடுத்த ஒற்றைச் சிரிப்பு.
"பிறையில அப்பக் கடை போடுறேன், தம்பி.
ஆறடி பேனர். இந்த முகந்தான் வேணும்.
இதுக்கப்புறம் எந்தப் படத்திலயும்
நான் இப்படிச் சிரிக்கல."

அகலம் இருநூற்றுப் பன்னிரண்டு பிக்சல்.
ஆறடிக்கு இழுத்தால்
ஒவ்வொரு புள்ளியும் சுண்டுவிரல் நகம்.
கன்னம் கட்டம் கட்டமாய்
குளியலறைச் சுவர்போல.

சுருக்குவதென்றால் சுலபம்.
நாலு புள்ளியைக் கூப்பிட்டு
ஒன்றை நிற்க வைத்து
மூன்றை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.
போனவை திரும்பி வாரா, அவ்வளவுதான்.
பெரிதாக்கும்போது மென்பொருள்
காலி இடத்தில் நின்றுகொண்டு
அக்கம்பக்கத்தாரை விசாரிக்கிறது:
இந்தப் பக்கம் மாநிறமா, அந்தப் பக்கம் கறுப்பா,
அப்படியானால் நடுவில் இருந்தவர்
இப்படித்தான் இருந்திருப்பார்.
கேட்டு எழுதிய சாட்சியம்.
கண்ணால் கண்டதல்ல.

புதிதாய் வந்த பொத்தான் ஒன்றும் இருக்கிறது.
அழுத்தினேன். நாற்பது நொடி.
தோல் வழவழத்தது,
புருவம் முடி முடியாய் எழுந்தது.
அக்கா திரையருகே குனிந்தார்.
"என் பல்லை யாருப்பா கட்டினது?"
முன்பல் இரண்டுக்கும் நடுவே
ஓர் அரிசி நுழையும் சந்து.
அது பிழை என்று நினைத்து
அடைத்துவிட்டிருந்தது இயந்திரம்.
"இது என் பெரியம்மா மக மாதிரி இருக்கு.
அவளுக்கு அப்பம் சுடத் தெரியாது."

பின்வாங்கினேன்.
சாலைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கள், அக்கா.
இருபதடி தள்ளி நின்றால்
கண் கட்டங்களை மன்னித்துவிடும்.
பட்டர்வொர்த் கரையிலிருந்து பார்த்தால்
இந்தக் கொம்தார்கூடப் புத்தம் புதுசு.

"அப்பம் வாங்க வர்றவங்க
இருபதடி தள்ளியா நிப்பாங்க?"

அதுவும் சரிதான். அப்படியானால் மூலப்படம் வேண்டும்.
கைமாறிக் கைமாறி வந்த படம்
ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்திருக்கும்.
முதலில் யாரிடம் இருந்தது?

"பிலோமினா போன்ல. எடுத்தது வெயிட்டர்."
பிறகு, மழையைப் பார்த்துக்கொண்டு,
"அவகிட்ட பேசி நாலு வருஷமாச்சு."

ஏனென்று நான் கேட்கவில்லை.
அச்சு இயந்திரம் யாருடைய திருமணத்தையோ
இடவலமாய் உழுதுகொண்டிருந்தது.

அக்கா வெளியே போனார்.
கண்ணாடிக்கு அப்பால் வாய் அசைந்தது.
துணிக்கடையின் இரும்புக் கதவில்
ஒரு தடவை உள்ளங்கையால் அடித்தார்.
எழுநூறு வெள்ளி என்பது மட்டும் உள்ளே கேட்டது.
கதவைத் திறந்து கத்தினேன்:
படமாய் அனுப்ப வேண்டாம்,
டாக்குமெண்டாய் அனுப்பச் சொல்லுங்க!

நாலே முக்கால் எம்பி.
நகலெடுத்துக்கொண்டு திறந்தேன்.
பல்லிடுக்கு அதே இடத்தில்.
காலரில் ஒரு சொட்டுக் குழம்பு.
தோள்மேல், இதுவரை
பழுப்பாய்ப் பிசுபிசுத்துக் கிடந்தது
ஐந்து விரல்களாய்ப் பிரிந்தது.

பக்கத்தில் நின்றவர் கை.
வெட்டிடட்டுமா, அக்கா?

"பெரிசாக்கு."
இருநூறு விழுக்காடு.
"இன்னும் கொஞ்சம்."
முந்நூறு. சிவப்புக்கல், ஓரத்தில் ஒரு கீறல்.
எதுவும் உடையவில்லை.

"அந்த மோதிரம் என்னுது" என்றார்.

கைப்பையில் பணம் எண்ணினார்,
பாதியில் மறந்து மறுபடி எண்ணினார்.

"கையை வெட்டாதே.
அவ வந்து பாக்கட்டும்."