எட்டாம் கிழமை

எங்கள் பக்கத்தில் விழுந்த பல்லைச்
செருப்புக்குள் வைப்பார்கள்.
இரவில் எலி வந்து பல்லை எடுத்துக்கொண்டு
காசு வைத்துவிட்டுப் போகும்.
தேஷனுக்குப் பதினோரு வயது.
எலியை நம்புவதில்லை, விலையை நம்புகிறான்.
"கடைவாய்ப் பல்லும்மா. இருபது ராண்ட்."

எலி நான்தான்.
இந்தமுறை ஒரு கையெழுத்தும் கேட்டேன்.
ஆய்வுக்குப் பல் தரச் சம்மதம்:
கோணல் எழுத்தில் அவன் பெயர்,
பெற்றோர் என்ற இடத்தில் என் பெயர்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை
அறுப்பது, தேய்ப்பது, எண்ணுவது.
வைரத்தூள் தகட்டில் பல்லை அறுத்து
வெளிச்சம் புகும்வரை தேய்ப்பேன்.
பெயர் கிடையாது, எண்தான்.
இருபத்தேழாம் எண்ணின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.
ஐஸ் கடித்த பல்.
"வேண்டுமானால் நான் பார்க்கிறேன்" என்றாள் ஸாண்டிலே.
வேண்டாம் என்றேன்.

பல்லின் வெள்ளை ஒரே நாளில் வந்ததல்ல.
நாளுக்கொரு பூச்சு,
தலைமுடியில் இருபதில் ஒரு பங்குகூட இராது.
பிறந்த நாள் ஒரு கோடாகக் கிடக்கிறது.
அதற்கு உள்ளே என் வயிறு,
வெளியே டர்பன்.

பிறகு சில நாளுக்கொரு முறை
உடம்பு ஒரு மூச்சு நின்று போகிறது; அங்கே தடித்த கோடு.
சிலருக்கு ஆறு நாள், சிலருக்கு ஏழு.
பிள்ளை வளரும் வேகத்துக்கும் இதற்கும்
ஏதோ உறவு என்கிறார்கள்.
அதற்காகத்தான் மாதாமாதம்
அத்தனை பிள்ளைகளையும் நிறுத்து, அளந்து, எழுதுகிறோம்.
இவனுக்கு எட்டு.
மூன்று தரம் எண்ணினேன், எட்டுதான்.
சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில்
நாம் பெயர் வைக்காத ஒரு கிழமை
இவனுக்கு மட்டும் விடிகிறது.
எழுப்ப எழுப்ப எழாத காலைகள்
அதில் வந்தவையோ என்னவோ.

பிறப்புக் கோட்டிலிருந்து ஏழு கோடு.
அதன்மேல் ஐந்து நாள்.
அறுபத்தொன்று.
அங்கே ஒரு கறுப்பு.

"காய்ச்சலாக இருக்கும்" என்றாள் ஸாண்டிலே,
"வயிற்றுப்போக்கு, எதுவானாலும் இருக்கும்.
பல்லுக்குக் காரணம் தெரியாது, நாள் மட்டும்தான்."

எனக்குத் தெரியும்.
அறுபத்தொன்றாம் நாள் காலை,
மெர்பேங்க் முழுக்க ஆலைப்புகை நாறிய காலை,
பால் கட்டிய மாரோடு
ஒரு பையை எடுத்துக்கொண்டு ஸ்டாங்கருக்குப் பஸ் ஏறினேன்.
சண்டை எதுவும் இல்லை.
அக்கா வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.
பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றாள் அக்கா.
கடிக்கவும் தெம்பில்லை.
ஒன்பது நாள்.
புட்டிப்பால் கலக்கியது ருவேந்திரன்.
திரும்பி வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை.
"பச்சைப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியப்போகுது"
என்றார் மாமியார். அன்பாகத்தான் சொன்னார்.
அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு
பதினோரு வருடம் நடந்திருக்கிறேன்.

அப்போது அவன் வாயில் ஒரு பல்கூட இல்லை.
ஈறுக்கு அடியில், இருட்டில்,
யாரோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எழுபதாம் நாளைத் தேடினேன்.
கதவைத் திறந்து உள்ளே வந்த நாள்,
அவனைத் தூக்கி முகர்ந்த நாள்.
விளக்கைக் கூட்டினேன், குறைத்தேன்,
கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்தேன்.
வெள்ளை. வழக்கமான வெள்ளை.
போனதற்குக் கோடு விழுகிறது.
வந்ததற்கு விழுவதில்லை.

பதிவேடு: எண் 27. நாள் 61. கருங்கோடு.
காரணம் என்ற கட்டத்தில்
எல்லாப் பல்லுக்கும் எழுதுவதையே எழுதினேன்:
தெரியவில்லை.

சாயங்காலம் ஃபிரிட்ஜ் ஓரத்தில் அவனை நிறுத்தினேன்.
கிரிக்கெட் அணியில் இவன்தான் குட்டை.
நேராக நில் என்றேன்.
மெல்லக் குதிகாலைத் தூக்கினான்.
பார்த்தேன்.
பென்சிலை நக்கி
அவன் நின்ற உயரத்திலேயே
கோடு போட்டேன்.