பிழைகள் இல்லை

சத்துவாச்சாரியில் மாடி அறை. மே மாதம்.
மின்விசிறி வெந்நீரைக் கடைவதுபோல்
காற்றைக் கடைந்துகொண்டிருக்கிறது.
நான் ஒரு லாட்ஜை
எந்திரத்துக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

மனிதர் என்றால் எளிது:
ஆஸ்பத்திரி எதிர்ச் சந்து,
ஜெராக்ஸ் கடையை ஒட்டி, பச்சை கேட்.
எந்திரத்திடம் அப்படிப் பேச முடியாது.
இது பெயர், இது தெரு, இது அஞ்சல் எண் என்று
ஒவ்வொன்றின் நெற்றியிலும் சீட்டு ஒட்டவேண்டும்.

பெயர்: பாலாறு வியூ.
சோதனைக் கருவி ஏற்றுக்கொண்டது.
எந்த ஜன்னலிலிருந்து தெரிகிறது,
தெரிந்தாலும் அதில் ஆறு இருக்கிறதா
என்றெல்லாம் அது கேட்பதில்லை.
எழுத்து வந்ததா? வந்தது. போதும்.

முதல் சோதனையில் சிவப்பு, ஏழு.
முப்பத்தொன்றாம் வரியில் ஒரு கமா விட்டுப்போயிருந்தது.
அதை வைத்ததும் ஆறு பிழைகள் தாமே அடங்கின,
கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பா சமாதானமானதும்
மிச்சப்பேர் பந்தியில் உட்கார்வதுபோல.

ஏழாவது, வாடகை.
நயீமுல்லா பாய்க்குப் போன் போட்டேன்.
"ஒரு நாளைக்கா, ஒரு மாசத்துக்காம்மா?
கீமோக்கு வர்றவங்கன்னா வேற ரேட்டு."
"ஒரே எண் கேக்குது பாய்."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"நானூத்தம்பதுன்னு போடு. வந்தா பாத்துக்கலாம்."

பிறகு மஞ்சள் எச்சரிக்கை:
அறையைக் காலிசெய்யும் நேரம் தரப்படவில்லை.
'ரிப்போர்ட் வந்த பிறகு' என்று அடித்துப் பார்த்தேன்.
சிவப்பு. இது நேரம் அல்ல.
11:00 என்றேன்.
சரி என்றது.

மாலை நாலரைக்கு முழுப் பச்சை.
பிழைகள் இல்லை. எச்சரிக்கைகள் இல்லை.
படமெடுத்து பாய்க்கு அனுப்பினேன்.
கட்டைவிரல் ஒன்று திரும்பி வந்தது.

பதினோராம் நாள், விடிய இன்னும் நேரமிருக்க, போன்.
எனக்கு எதற்கு?
சோதனைக்காகப் போட்ட என் நம்பரை
எடுக்க மறந்திருக்கிறேன். பத்து இலக்கம். செல்லும்.
பேசியவர் மிட்னாப்பூர் ஹல்தர்,
காட்பாடி மூன்றாம் பிளாட்பாரத்திலிருந்து.
கூடவே மனைவி, இரண்டு பை, ஸ்கேன் கவர்.
அவருக்கு இந்தி அரை, எனக்குக் கால்.
"மேப்பில் உங்கள் லாட்ஜ் பரஃபில் இருக்கிறது" என்றார்.
என்னது?
"பரஃப். பரஃப்."
பனி.

எழுந்து பார்த்தேன்.
அட்சரேகையில் எழுபத்தொன்பது,
தீர்க்கரேகையில் பன்னிரண்டு சொச்சம்.
இடம் மாறி உட்கார்ந்த இரண்டு எண்கள்
இருபத்திரண்டு அறைகளையும், ஓடாத லிஃப்டையும்,
கீழே மீன்குழம்பு மெஸ்ஸையும் அள்ளிக்கொண்டுபோய்
வட துருவத்துக்கு அருகே
ஒரு பனித்தீவில் இறக்கிவைத்திருந்தன,
வெள்ளைக் கரடி வந்து
ரூம் காலியா என்று கேட்கும் தூரத்தில்.

திருத்தாமல், வேண்டுமென்றே,
மறுபடி சோதனையில் ஒட்டினேன்.
பிழைகள் இல்லை.
தொண்ணூறுக்குள் இருக்கிறது, ஆகவே அட்சம்.
நூற்றெண்பதுக்குள் இருக்கிறது, ஆகவே தீர்க்கம்.
அதன்மேல் கோபம் வரவில்லை.
இந்த ஊர் வெயிலை அது பார்த்ததில்லை.
நான் பார்த்திருக்கிறேன்.

"போனை ஆட்டோக்காரரிடம் கொடுங்கள்."
கொடுத்தார்.
எதிர்ச் சந்து, ஜெராக்ஸ் கடை என்று தொடங்கினேன்.
"பாய் லாட்ஜா? அத மொதல்லயே சொல்றதுதானே."

எண்களை இடம் மாற்றினேன். நம்பரை மாற்றினேன்.
'வேறு பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு;
கட்டாயமில்லை என்பதால் விட்டிருந்தேன்.
நயீமுல்லா பாய் லாட்ஜ் என்று நிரப்பி
அழுத்தினேன். பச்சை.
இந்த முறை படமெடுக்கவில்லை.

ஆறே காலுக்கு ஹல்தர் மறுபடி அழைத்தார்.
ரூம் கிடைத்துவிட்டதாம், இரண்டாம் மாடி.
மனைவி ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கிறாளாம்,
ஆறு எந்தப் பக்கம் என்று.