பற்றுப் பக்கம்

கானாடுகாத்தானில் அந்த வீட்டுக்கு
ஒரு நாள் வாடகை பதினெட்டாயிரம்.
மொட்டைமாடி ஏறினால் தனி.
ட்ரோன் பறந்தால் தனி.
காவலுக்கு இருக்கும் வயிரவன்
அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்,
பேரம் கிடையாது என்பதை மட்டும்
சிவப்பில்.

திருச்சியிலிருந்து வந்த லென்ஸ் ஆயிரத்து ஐந்நூறு.
தெர்மாக்கோல் பிடிக்கும் பையன் அறுநூறு, புரோட்டா நீங்கலாக.
மல்லிகை, அன்றைக்கு முகூர்த்தம், நானூற்றைம்பது.
எல்லாம் எழுதினேன்.
கடைசி வரியில் மாடல் என்று எழுதி
ஒரு கோடு இழுத்து
ஓரத்தில் பொடியாக
'படங்கள் தரலாம்' என்று போட்டிருந்தேன்.

ஜெசிந்தா அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள்.
தேவகோட்டையில் மருந்துக்கடையில் நிற்பவள்.
டாக்டர் கையெழுத்தைப் படிப்பவளுக்கு
என்னுடையது எம்மாத்திரம்.

"அந்தத் தூணுக்கு எவ்வளவு சார்?"

தூணுக்கென்று தனியாக இல்லை,
வீட்டோடு சேர்த்தி என்றேன்.

"தூண் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்க வேண்டாம்.
வயிறை உள்ள இழுக்க வேண்டாம்.
பத்து மணிக்கு மேல வளவுல கல்லு சுடும்,
அதுக்குத் தெரியாது.
படத்தை வச்சு நான் என்ன செய்யிறது?
என் முகம் எங்கிட்டயே இருக்கு."

சரி, மணிக்கணக்கு?
"நீங்க விளக்கை நகத்துற நேரம் யார் கணக்கு?"
புடவைக் கணக்கு? பதினோரு புடவை.
"கட்டுறதுக்கும் சேத்தா, அவுக்குறதுக்கும் சேத்தா?"
படத்துக்கு இவ்வளவு என்று?
"ஆயிரம் எடுப்பீங்க. கடைக்காரர் பதினாறு பொறுக்குவார்.
மிச்சத்துல நின்னது யாரு?"

பெயர் கிடைக்கும் என்று தொடங்கினேன்.
"பேரு இருக்கு. ஆரோக்கிய ஜெசிந்தா.
பில்லுல முழுசா எழுதுங்க"
என்று பஸ் ஏறிப் போய்விட்டாள்.

பதினெட்டாயிரம் கொடுத்தாயிற்று.
வெளிச்சம் வேறு வீணாகிறது.
பர்மாத் தேக்கு நாற்காலியில் புடவையை விரித்து,
மடித்து, தொங்கவிட்டு,
தெர்மாக்கோல் பையனின் தோளில் போட்டுக்கூட
எடுத்துப் பார்த்தேன்.
நடுவில் ஒரு பூனை வந்தது.
பூனை நன்றாக விழுந்திருந்தது.

கல்லுக்கட்டியில் கடைக்காரர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"தம்பி, நாம நாற்காலியா விக்கிறோம்?"

இரவு ஒன்பதரைக்கு ஃபோன் செய்தேன்.
ஏழாயிரம், பாதி முன்பணம்,
மதியச் சாப்பாடு, நிழலில் ஒரு ஸ்டூல்.
"பேனர் வச்சா?"
பேனரெல்லாம் வைக்கமாட்டார்கள் என்றேன்.
"வச்சா?"
இரண்டாயிரம்.
சொல்லும்போது எனக்குச் செலவில்லாத தொகையாக இருந்தது.

தை பிறந்து நான்காம் நாள்
புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
இருபதுக்குப் பத்து.
ஃப்ளெக்ஸ்காரருக்குச் சதுர அடி பதினைந்து.
கீழே நின்று அண்ணாந்து கணக்குப் போட்டேன்:
முகம் மட்டும் அஞ்சுக்கு நாலு வரும்,
இருபது சதுர அடி,
முந்நூறு ரூபாய்.
அதைவிடக் கடையின் பெயர் பெரிது.
தேவகோட்டை பஸ்ஸின் கண்டக்டர்
அவள் முழங்கையின் அடியில் நின்று
ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஒரு வரி வந்தது:
பாத்தேன் சார்.

கடைக்காரர் எனக்கு இன்னும் செட்டில் பண்ணவில்லை.
அதைச் சொன்னால் அவளுக்கு என்ன.
நோட்டில் பற்றுப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்,
பெயரை முழுசாக.

போன வாரம் அவளே ஒரு அட்டை அனுப்பினாள்,
நீல மையில், மருந்துச்சீட்டின் பின்பக்கம்:
அரை நாள். முழு நாள். பேனர் தனி. வெயில் தனி.
ஊரில் இருக்கும் மூன்று ஸ்டுடியோக்காரர்களுக்கும்
அதை அனுப்பிவைத்தேன்.
ஒருவர் கட்டைவிரல் காட்டினார்.
ஒருவர் 'ஓவர்' என்றார்.
இன்னொருவர் கேட்டார்,
பூனைக்கு எவ்வளவு கொடுத்தாய்?