நாலடி வயர்

ஸ்ரான்லி வீதிக் கடையில்
பகல் பதினொன்றரைக்கு
நாற்பத்தேழு விளக்குகள் ஒன்றாக எரிந்தன.
வெளியே வெயில் தன்பாட்டில் எரிய
உள்ளே நாங்கள்
கழுத்து நோக அண்ணாந்து நின்றோம்.

"இது இத்தாலி மொடல்" என்றான் றொக்சன்,
கடைப் பெடியன்,
ஏணியின் மூன்றாம் படியில் ஒரு கால்.
நூற்றிநாற்பத்துநாலு கண்ணாடித் துளி.
ஒன்றைச் சுண்டினான்.
மற்றதுகள் எல்லாம் அதைப் பற்றியே
கதைக்கத் தொடங்கின.

பரணீதரனுக்குப் பிடித்துவிட்டது.
பிடித்தால் பேசமாட்டார்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
நான் விலைத்துண்டைத் திருப்பிப் பார்த்தேன்:
எண்பத்துநாலாயிரத்து ஐந்நூறு.
பழையபடி திருப்பி வைத்தேன்.

"ஆர் துடைக்கிறது?"

உரும்பிராயில் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் தார் இல்லை.
ஒரு ஓட்டோ போனால்
பத்து நிமிடத்துக்கு வீடு செம்மண் நிறம்.
கச்சேரியில் கணக்குப் பிரிவு நான்,
கூட்டாமல் இருக்கத் தெரியாது:
துளிக்கு அரை நிமிடம் என்றாலும்
ஒரு மணி பன்னிரண்டு நிமிடம், ஏணியில்.

"நான் துடைப்பன்" என்றார்.
கலியாணம் முடிந்து ஏழு மாதம்.
முப்பத்தொன்பதில் கட்டியவளுக்கு
இப்படியான ஒரு சொல்லை
எந்த லாச்சியில் வைப்பதென்று
இன்னும் பிடிபடவில்லை.

பிறகு ஒரு வெள்ளைக் கிண்ணம்,
மேல்நோக்கித் திறந்தபடி. வடிவுதான்.
ஆனால் கார்த்திகை மழை விட்ட இரவில்
ஈசல் முழுக்க அதற்குள் விழும்,
பல்பின் அடியில் இறக்கைக் குவியல்.
"வேண்டாம்."
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.
ஏழு மாதத்தில் அது மூன்றாம் தடவை.
எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலாளி அம்மா பார்சல் சோற்றை மூடிவிட்டு
காசு மேசையில் இருந்தபடி கேட்டா:
"லைற்றுக்குக் கீழ என்ன வரும்?"

ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
தட்டுப் போடும்போது மேசன் விட்ட கொழுக்கி ஒன்று.
அதற்குக் கீழே சீமெந்துத் தரை, ஒரு பாய்,
பிளாஸ்ரிக் கதிரை இரண்டு.
சாப்பாட்டு மேசை அடுத்த வருடப் போனஸில்.

"மேசையில இருந்து இரண்டரை அடி உயரத்தில தொங்கவேணும்,
அதுதான் கணக்கு" என்றா.
சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் சுட்டிருக்காது.

கடைசியில் ஒற்றை விளக்கு ஒன்று எடுத்தோம்.
கவிழ்த்த சருவச்சட்டி மாதிரி, செப்பு நிறம்.
ஆறாயிரத்து எழுநூற்றைம்பது,
நாலடி வயரோடு.
மோட்டார் சைக்கிளில்
எனக்கும் அவருக்கும் நடுவில் அது வந்தது,
பிள்ளை மாதிரி என்று சொல்லமாட்டேன்.
பெட்டி மூலை விலாவில் குத்தியது.

பூட்ட வந்த எமில் கேட்டான்,
"வயரை வெட்டட்டோ அக்கா?"
இல்லாத மேசையில் இருந்து அளக்கவேண்டும்.
பரணீதரன் இடுப்புக்குக் கிட்ட
இரண்டு உள்ளங்கைகளையும் பரத்தி நின்றார்:
"மேசை இவ்வளவு."
அந்தக் கைகளில் இருந்து மேலே
நான் நாடாவைப் பிடித்தேன்.
வெட்டத் தேவையில்லை. சரியாக வந்தது.

அவர் ஆறடி இரண்டங்குலம்.
எனக்கு அது வகிட்டை உரசிப் போகும்.
அவருக்கு நேரே நெற்றி.

முதல் பின்னேரமே இரண்டு தரம் இடித்தார்.
இடிக்கும்போதெல்லாம்
கதிரைகளின் நிழல் சுவர்வரை நடந்துபோய்த்
திரும்பி வந்து இருந்தது.
பல்லி எங்கே ஓடுவதென்று தெரியாமல் நின்றது.

"ஒரு முடிச்சுப் போட்டு உயர்த்திவிடவோ?"
காசை வாங்கிக்கொண்டு எமில் கேட்டான்.
"வேண்டாம்."
நாலு.

வியாழன் இரவு எட்டரைக்குக் கறண்ட் போனது.
மெழுகுதிரி தேடி எழும்பினார்.
பாயில் இருந்தபடி கேட்டேன்:
செப்பில் நெற்றி பட்ட ஓசை,
பிறகு இங்கே எழுத ஏலாத ஒரு வார்த்தை,
பிறகு கொழுக்கியில் வயர் ஆடி ஆடி
அடங்குகிற கிறீச்.

"அப்படியே நில்லுங்கோ" என்றேன்.
"ஏன்?"

மேசையில் முட்டாமல்
சுற்றிக்கொண்டு
அவரிடம் போனேன்.