வெறுங்கண்

லாபிஸ் பட்டறைச் சுவரில்
மூன்று மொழியில் எழுதியிருக்கிறது:
வெறுங்கண்ணால் பார்க்காதே.
பதினாறு வருடமாக முகமூடிக்குள் இருந்துதான் பார்க்கிறேன்,
செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளின்
விரிந்த விலாவை, கழன்ற கொக்கியை.
தண்டின் முனையில் எரிவது ஆறாயிரம் டிகிரி,
கிட்டத்தட்ட சூரியனின் மேல்தோல்.
முதல் மாதம் ஒரே ஒருமுறை
கண்ணாடியை விலக்கிப் பார்த்தேன்.
இரவெல்லாம் இமைக்குள் மணல்.
உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணில் வைத்துப் படுத்திருந்தேன்.

போன மே மாதம், ஒரு வியாழன்.
ஆலையில் கொதிகலன் பழுது; ஊருக்குமேல் புகை இல்லை.
பதினொரு மணிக்கு வாசலில்
தே ஓ குடித்துக்கொண்டிருந்த ஹஸ்புல்லா
கைப்பேசியை உச்சிக்குத் தூக்கி
"கா தவனேஸ், இதைப் பார்" என்றான்.
திரையில் ஏதோ லத்தீன் பெயர்.
தட்டித் தட்டிப் போனால்
கடைசியில் நம்முடையது: சித்திரை.

என் நட்சத்திரம்.
வெள்ளிதோறும் அர்ச்சனைச் சீட்டில் எழுதுகிறேன்,
தவனேஸ்வரி, கன்னி, சித்திரை என்று.
அது ஆகாயத்தில் உள்ள பொருள் என்று
தோன்றியதே இல்லை,
ஐ.சி. எண் மாதிரி ஏதோ ஒன்று.

செவ்வாய்க்கு உரியது, பவளம் போடு என்று
சிகாமட்டில் முந்நூறு ரிங்கிட்டுக்கு
மோதிரம் விற்றார்கள். சிவப்பு.
மேலே இருந்ததோ
உப்புக்கல் போல, நீலம் கசிந்த வெள்ளை.
இரும்பைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்:
சிவப்பு என்றால் சூடு இப்போதுதான் ஆரம்பம்;
மஞ்சள், வெள்ளை,
அதற்கும் அப்பால் நீலம்.
குழாயில் மட்டும்தான் தலைகீழ்.

இருபத்தையாயிரம் டிகிரி என்றிருந்தது.
என் கைத்தீயைப் போல் நான்கு மடங்கு.
அதன் ஒளியில் பெரும்பங்கு
கண்ணுக்கே தெரியாத புற ஊதாவாம்,
அன்று என் இமைக்குள் மணல் போட்ட அதே சாதி.
அதைத்தான்
தேநீர் ஆறும்வரை
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
ஒன்றும் ஆகவில்லை.
நடுவில் இருநூற்றைம்பது ஒளியாண்டு.
அத்தனை தடித்த கண்ணாடியை
எந்தக் கடையிலும் விற்கமாட்டான்.

ஹஸ்புல்லா மலாயில் ஆக்கி மேலும் வாசித்தான்:
அது ஒன்றல்ல, இரண்டு.
பெரியது ஏறக்குறைய பதினொரு சூரியன் எடை,
சிறியது ஏழு.
நாலு நாளைக்கு ஒரு சுற்று.
ஒன்றை ஒன்று இழுத்து இழுத்து
இரண்டுமே முட்டையாய் நீண்டுவிட்டனவாம்.

இரண்டு தகட்டைச் சேர்த்தால்
தையலை விரலால் தடவிப் பார்ப்பது என் பழக்கம்.
இங்கே எதைத் தடவ?
ஒட்டவில்லை. விலகவுமில்லை.
இடையில் இருப்பது இழுப்பு மட்டும்.

தவுக்கேயின் மோட்டார் சத்தம் வந்தது.
லாரி காலை ஐந்துக்கு வேண்டுமாம்.
முகமூடியை இறக்கினேன்.

மறுநாள் கோவிலில்
குருக்கள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு,
"நட்சத்திரம்?"
"சித்திரை."
அண்ணாந்தேன். மண்டபக் கூரையில்
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
"எத்தனை பேருக்கு அர்ச்சனை?"
கொஞ்சம் யோசித்துத்தான்
ஒருத்திக்கு என்றேன்.