பச்சை தவிர

கோடவுன் தெருவில் ஏழு கடை கேட்டாயிற்று.
எட்டாவது, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
மே மாதம்.
குளிருக்குப் போர்வை தைக்க என்றதும்
பரேஷ் பாய் சிரிக்கவில்லை, வியாபாரி.
பாராசூட் துணிக் கட்டுகளைத் தூக்கிப் போடுகிறார்.
விழும்போது ஒவ்வொன்றும் மூச்சுவிடுகிறது.

மரத்துக்கு மரம் தூளி கட்டித் தூங்க
இரண்டு போர்வை வேண்டும் எனக்கு.
மேலே ஒன்று, தூளிக்கு அடியில் ஒன்று.
ஜவ்வாது மலையில் போன ஜனவரி
குளிர் கீழேயிருந்துதான் வந்தது,
முதுகை மட்டும் பிய்த்துத் தின்றது.

"காட்டுக்குத்தானே, பச்சை எடுங்க."
போனில் சதானந்தனும் அதையே சொல்கிறான்.
மரத்துக்கே தெரியாமல் மரத்தில் தொங்க வேண்டுமாம்.

அவனுக்கென்ன, வங்கியில் வேலை.
நான் பன்னிரண்டு மணிநேரம் பச்சைக்குள் நிற்பவள்.
அறுவை அரங்கில் பச்சை என்பது
நடுவில் சதுரமாய் வெட்டிய ஓட்டை,
ஓட்டைக்குள் யாரோ ஒருவரின் வயிறு.
வெளிர்நீலம் படுத்திருப்பவருக்கு.
வெள்ளை, எல்லாம் முடிந்தவருக்கு.
சிவப்புக் கட்டைப் பிரிக்கவே வேண்டாம் பாய்.

மாம்பழ மஞ்சள் வந்தது, கத்தரிப்பூ வந்தது,
வெங்காயத்தோல், மயில்கழுத்து, மூக்குப்பொடி.
தேநீரும் வந்தது.

சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்த கண்
நிமிர்ந்தால் சுவரில் பச்சை மிதக்கும்.
அதனால்தான் சுவரையே பச்சையாக்கிவிட்டார்கள்.
அப்படியானால்
பச்சையையே பார்த்த கண்ணில் எது மிதக்கும்?
எனக்குத் தெரியும்.
இரவு வேலை முடிந்து
பெரம்பூர் பேருந்தில் கண்ணை மூடினால்
இமைக்குள் பரவும் ஒரு வெளிறிய ரோஸ்.
அதற்குப் பெயர் இல்லை.
பாயிடம் எப்படிச் சொல்வது?

"பன்னீர் ரோஸா? பேபி ரோஸா?"
இல்லை. இல்லை. இன்னும் கொஞ்சம் அழுக்காக.
ஏணியில் ஏறி, மழைக்கோட்டுக்காரர் யாரோ
திருப்பிக் கொடுத்த கட்டொன்றை இறக்கினார்.
மடிப்பில் வெயில் தின்ற கோடு.
கிட்டத்தட்ட அதுதான்.

ஐந்து மீட்டர், முகத்துக்கு மூன்று விரல் தூரத்தில்
நான் பார்க்க வேண்டிய உட்பக்கத்துக்கு.
வெளிப்பக்கத்துக்கு மூக்குப்பொடி.
அடிப்போர்வைக்கு, போகட்டும், பச்சையே கொடுங்கள்.
அதை நான் பார்க்கப்போவதில்லை,
எறும்பு பார்க்கும், சதானந்தன் பார்ப்பான்.

நேற்று தையல் முடிந்தது.
மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டிக் குழாய்க்கும்
டிஷ் ஆன்டெனா கம்பத்துக்கும் நடுவே கட்டிப்
படுத்து, தலைவரை போர்த்திப் பார்த்தேன்.
மாலை வெயில் துணிக்குள் வந்தது.
கண் திறந்திருந்தது, நிறம் அப்படியே இருந்தது.

வேர்த்து ஊற்றியது.
கீழ்வீட்டு ஜெசிந்தா துணி எடுக்க வந்தவள்
"மேடம், காய்ச்சலா?" என்றாள்.
ஆமாம் என்றேன். விலக்க மனமில்லை.